டிவி பிரபலத்துக்கு விக்கிப்பீடியா பக்கம்: தெருவுக்கே தெரிந்தால் போதாதா?

ஒரு மெகா சீரியல். வாரத்துக்கு 6 நாள், இரவு எட்டரை மணி. கதாநாயகிக்கு அண்ணியாக வருபவர் 3 வருஷமாக நடிக்கிறார். காய்கறிக் கடையில் அவரைப் பார்த்துவிட்டால், "ஏம்மா, அந்தப் பொண்ணை இப்படிப் பாடாப் படுத்துறியே, நல்லா இருப்பியா?" என்று பாட்டிகள் சண்டைக்கே வந்துவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் 4 லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். துணிக்கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். ரசிகர் ஒருவர் ஆசை ஆசையாக விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம் தொடங்குகிறார். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால், பக்கத்தின் தலையில் ஒரு பெட்டி: இந்தக் கட்டுரையை நீக்கலாமா என்று விவாதம் நடக்கிறது, நீங்களும் கலந்துகொள்ளலாம்.

இந்த அண்ணி நாம் உதாரணத்துக்கு உண்டாக்கியவர். ஆனால் இந்தச் சண்டை நிஜம். மலையாள சீரியல் நடிகர், இந்தி ரியாலிட்டி ஷோ போட்டியாளர், பிரிட்டிஷ் சமையல் போட்டியில் நான்காவதாக வந்தவர் என்று ஏதோ ஒரு மொழியில், யாரோ ஒருவரின் பேரில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ரசிகர் கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "எங்க தெருவுக்கே அவங்களைத் தெரியும். இவங்களைத் தெரியாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

நியாயமான கேள்வி. ஆனால் விக்கிப்பீடியா அங்கே அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். விக்கிப்பீடியாவுக்கு ஆசிரியர் குழு கிடையாது. 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கி, 2003-ல் தமிழுக்கு வந்தது. இதன் பின்னால் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை சர்வர், சட்டம், நன்கொடை போன்றவற்றைப் பார்த்துக்கொள்கிறது. எந்த நடிகைக்குப் பக்கம் இருக்கலாம், யாருக்குக் கூடாது என்று அது சொல்வதில்லை. அதைப் பேசி முடிவு செய்வது சம்பளமில்லாமல் எழுதும் தன்னார்வலர்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து மதிய டிபனைப் பிரிக்கும் சாஃப்ட்வேர் ஆளாகவும் இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. அப்பட்டமாக ஒன்றுமில்லாத பக்கம் உடனடியாகப் போய்விடும். சந்தேகம் இருந்தால் 7 நாள் விவாதம். யார் வேண்டுமானாலும் பேசலாம். கடைசியில் ஒரு நிர்வாகி வந்து, எந்தத் தரப்பின் வாதம் விதிகளின்படி நிற்கிறது என்று பார்த்து முடித்துவைப்பார். முடிவு எட்டவில்லை என்றால் விவாதம் நீளும், அல்லது பக்கம் அப்படியே இருக்கும்.

இதில் நம்ம ஊர் ரசிகர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அது ஓட்டெடுப்பு இல்லை. 2017-ல் தமிழ் பிக் பாஸ் முதல் சீசன் நடந்தபோது 'ஓவியா ஆர்மி' என்று ஒன்று கிளம்பியது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ஒரு படை திரண்டு வந்து "பக்கம் இருக்கணும்" என்று 200 தடவை எழுதினாலும் அங்கே எண்ண மாட்டார்கள். சொல்லப்போனால், புதிதாகக் கணக்குத் தொடங்கி நேராக இந்த விவாதத்துக்கு மட்டும் வந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் "இவர் வேறெங்கும் எழுதியதில்லை" என்று ஒரு சின்னக் குறிப்பைப் போட்டுவிடுவார்கள். 200 பேர் சாதிக்காததை, நல்ல இரண்டு ஆதாரங்களோடு வரும் ஒரே ஒருவர் சாதித்துவிடலாம்.

தமிழ் விக்கிப்பீடியா சின்ன வீடு. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உண்டு, ஆனால் தொடர்ந்து எழுதுபவர்கள் குறைவு. அங்கும் அடிப்படை ஒன்றுதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'குறிப்பிடத்தக்கமை'. வாயில் நுழையக் கொஞ்சம் சிரமம்தான், இருந்தாலும் 'புகழ்' என்று வைக்காமல் விட்டது நல்ல முடிவு. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அளவுகோல் என்ன?

ஒருவரைப் பற்றி, அவரோடு சம்பந்தமில்லாத, நம்பகமான இடங்களில், விரிவாக யாராவது எழுதியிருக்கிறார்களா? அளவுகோல் இவ்வளவுதான். கேட்க எளிது. நம் அண்ணி நடிகையை வைத்துப் பார்த்தால்தான் இதில் எத்தனை முள் இருக்கிறது என்று தெரியும்.

அவருக்காகத் தேடினால் கூகுளில் பக்கம் பக்கமாக வருகிறது. சேனலே வெளியிட்ட ப்ரோமோ: அது சொந்தக்காரர் தரும் நற்சான்று, சேராது. யூடியூப் பேட்டிகள் பத்து: அவரே அவரைப் பற்றிச் சொல்வது, அவர் என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரமாகும், அவர் யார் என்று பிறர் மதிப்பிட்டதற்கு ஆகாது. "சேலையில் கலக்கும் சீரியல் நடிகை" என்று 14 படம் கொண்ட போட்டோ கேலரி: படம் இருக்கிறது, எழுத்து எங்கே? "அவர் இன்ஸ்டாவில் இப்படிப் பதிவிட்டுள்ளார், ரசிகர்கள் இப்படிக் கமென்ட் அடித்துள்ளனர்" என்று 6 வரிச் செய்தி: அது அவருடைய பதிவையே திரும்பச் சொல்வது. சீரியலைப் பற்றிய கட்டுரையில் "இவரும் நடிக்கிறார்" என்று ஒரு வரி: விரிவு இல்லை. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது கையளவு. சில சமயம் அதுவும் இல்லை.

நடிகர்களுக்கென்று ஆங்கில விக்கியில் தனியாக ஒரு துணை விதியும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட, குறிப்பிடத்தக்க படங்களிலோ தொடர்களிலோ முக்கிய வேடங்களில் நடித்திருந்தால் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். 'ஒன்றுக்கு மேற்பட்ட' என்ற சொல்லிலும் 'முக்கிய' என்ற சொல்லிலும்தான் பாதிச் சண்டை நடக்கும். அண்ணி முக்கிய வேடமா? வில்லியாக இருந்தால்? முன்பு இதே விதியில் 'பெரிய ரசிகர் பட்டாளம் இருந்தால்' என்று ஒரு வரியும் இருந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்க முடிகிற காலத்தில் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இடமா இல்ல, இணையத்துல?" என்று கேட்கலாம். பெ. தூரன் பொறுப்பில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் காகிதம், அச்சு, காசு. ஒருவரைச் சேர்த்தால் இன்னொருவரை விடத்தான் வேண்டும். விக்கிப்பீடியாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏறத்தாழ 70 லட்சம் கட்டுரைகள் இருக்கின்றன. இன்னொன்று வந்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒரு நிஜமான டிவி பிரபலத்தின் கதைக்குப் போக வேண்டும்.

நான்காவதாக வந்த பெண்

2002. பிரிட்டனில் 'பிக் பிரதர்' மூன்றாவது சீசன். நம்ம பிக் பாஸுக்கு மூதாதை. தெற்கு லண்டனைச் சேர்ந்த ஜேட் கூடி என்ற பெண் அதில் போட்டியாளர். வயது 21. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். படிப்பு அதிகமில்லை, வாய் அதிகம். இங்கிலாந்தின் ஒரு பகுதியான ஈஸ்ட் ஆங்கிலியாவை ஏதோ வெளிநாடு என்று நினைத்துப் பேசியதை நாடே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பரபரப்புப் பத்திரிகைகள் அவரது உடலையும் அறிவையும் வைத்துச் செய்த கேலியை இன்று படித்தால் கூசும். கடைசியில் நான்காவதாக வந்தார்.

அவர் வீட்டைவிட்டு வெளியே வந்த அந்த நாளில், இன்றைய விதிகளை வைத்து ஒரு விவாதம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் தெரிந்ததெல்லாம் ஒரே நிகழ்ச்சி. உயிரோடு இருக்கும் ஒருவர் ஒரே ஒரு நிகழ்வால் மட்டும் அறியப்பட்டு, மற்றபடி சாதாரண வாழ்க்கை வாழ்பவராக இருந்தால், அவருக்குத் தனிப் பக்கம் வேண்டாம், அந்த நிகழ்வின் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள் என்பது விக்கிப்பீடியாவின் விதி. ஆக, 'ஜேட் கூடி' என்று தேடினால் 'பிக் பிரதர் மூன்றாவது சீசன்' பக்கத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

ரசிகருக்கு இது அவமானமாகத் தெரியும். இன்னொரு பக்கம் யோசியுங்கள். அந்த வாரம் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? அன்று கிடைத்த 'ஆதாரம்' எல்லாம் அந்தக் கேலிதான். 21 வயதுப் பெண்ணின் வாழ்க்கை வரலாறு என்ற பெயரில் ஒரு நாட்டின் நக்கல் தொகுப்பு.

ஜேட் அதோடு காணாமல் போகவில்லை. சொந்த நிகழ்ச்சிகள், வாசனைத் திரவியம், 2006-ல் சுயசரிதை என்று வளர்ந்தார். அவரை வைத்து நாட்டின் வர்க்க மனநிலையைப் பற்றிப் பத்திரிகைகள் நீளமாக எழுத ஆரம்பித்தன. 2007 ஜனவரியில் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டுக்குள் அவரும் ஷில்பா ஷெட்டியும். ஷில்பாவிடம் ஜேட்டும் உடன் இருந்தவர்களும் நடந்துகொண்ட விதம் இனவெறி என்று வெடித்தது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்புக்கு 40,000-க்கும் மேல் புகார்கள் போயின. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அந்த நேரம் இந்தியாவுக்கு வந்திருந்த பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஷில்பா ஜெயித்தார். ஜேட்டின் பெயர் கெட்டது.

அடுத்த வருடம், 2008 ஆகஸ்டில், ஜேட் இந்தியாவுக்கே வந்தார், இந்தி பிக் பாஸ் இரண்டாவது சீசனுக்கு. தொகுத்து வழங்கியவர் அதே ஷில்பா. வந்த சில நாளில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற தகவல் லண்டனிலிருந்து வந்தது. உடனே கிளம்பினார். 2009 மார்ச் 22 அன்று இறந்தார். வயது 27. இரண்டு சின்னப் பையன்களின் அம்மா. அவர் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதைத் தொடர்ந்து, இங்கிலாந்தில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக வந்ததாகப் பின்னால் மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இன்று ஜேட்டுக்கு ஆங்கில விக்கியில் நீண்ட பக்கம் இருக்கிறது. அந்த இனவெறிச் சர்ச்சைக்கே தனிப் பக்கம் இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்று இன்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். 2002-க்கும் 2009-க்கும் நடுவே மாறியது என்ன? அவர் திறமைசாலியாகிவிட்டார் என்பதல்ல, நல்லவராகிவிட்டார் என்பதும் அல்ல. அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், கேலி தாண்டி, பல கோணத்தில், நின்று நிதானமாக எழுதிவிட்டார்கள். அதை எல்லாம் வைத்து, அவரைப் பிடிக்காதவர்கூட ஒரு நேர்மையான பக்கத்தை எழுதிவிட முடியும்.

குறிப்பிடத்தக்கமை என்பது இதைத்தான். இவர் பெரிய ஆளா என்று அது கேட்கவில்லை. இவரைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர், கையில் கிடைப்பதை மட்டும் வைத்து, சரியாக எழுத முடியுமா என்று கேட்கிறது.

காவலில்லாத வீடு

இன்னொரு பக்கம் வந்தால் என்ன குடி முழுகும் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 2005-ல் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பெயரில் யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் தொடங்கினார். ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி ஆகிய இருவரின் கொலையிலும் இவருக்குத் தொடர்பிருக்கலாம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டதாக அதில் எழுதிவைத்தார். முழுப் பொய். சீகன்தாலர் ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்தவர். அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். அந்தப் பொய் 4 மாதத்துக்கும் மேல் அப்படியே கிடந்தது. ஏன்? அந்தப் பக்கத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஆங்கில விக்கியில் கணக்கு இல்லாதவர்கள் புதிய பக்கம் தொடங்க முடியாது என்று வந்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கான விதிகளும் இறுகின.

ரஜினிகாந்த் பக்கத்தில் இன்று மாலை யாராவது விளையாடினால், நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் திருத்திவிடுவார்கள். பல பேருடைய கண்காணிப்புப் பட்டியலில் அந்தப் பக்கம் இருக்கிறது. நம் அண்ணி நடிகையின் பக்கத்தை யார் கண்காணிப்பது? ஆசையாகத் தொடங்கிய ரசிகர் அடுத்த சீரியலுக்குப் போய்விடுவார். பிறகு ஒரு நாள், நடிகையோடு கோபித்துக்கொண்ட யாரோ ஒருவர் வந்து பிறந்த வருடத்தை மாற்றுவார். இன்னொருவர் வந்து "கணவரைப் பிரிந்தார்" என்று சேர்ப்பார். அதைக் கூகுள் எடுத்து வலதுபக்கப் பெட்டியில் காட்டும். அங்கிருந்து யூடியூப் சேனல்கள் எடுத்து 8 நிமிட வீடியோ போடும். இப்போது ஏஐ செயலிகளும் எடுத்துச் சொல்லும். பெண் பார்க்க வரும் வீட்டார் படிப்பார்கள். வங்கியில் கடன் கேட்டுப் போகும் இடத்தில் படிப்பார்கள்.

திருத்தச் சொல்லி அவரே வந்தால்? ஆதாரம் கேட்பார்கள். "நான்தாங்க அந்த நடிகை, எனக்குத் தெரியாதா என் வயசு?" என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. நியாயமான கோபம். ஆனால் நான்தான் அவர் என்று யாரும் வந்து சொல்லலாமே? வெளி ஆதாரம் இல்லாத ஆளைப் பற்றிய பக்கத்தில் பொய்யை நிரூபிக்கவும் ஆதாரம் இருக்காது. இதனால்தான், அதிகம் அறியப்படாத ஒருவர் தன் பக்கத்தை நீக்கச் சொல்லிக் கேட்டு, விவாதத்திலும் தெளிவான முடிவு வராவிட்டால், அவர் விருப்பப்படி நீக்கிவிடலாம் என்ற ஏற்பாடும் ஆங்கில விக்கியில் இருக்கிறது.

விக்கிப்பீடியா பக்கத்தை விருது மாதிரி நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. விருதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டலாம். இந்தப் பக்கத்துக்குச் சாவியே கிடையாது, உங்களிடமும் இருக்காது.

காசு கொடுத்தால் கிடைக்குமா?

இந்த 'விருது' எண்ணத்தை வைத்துப் பிழைக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. "உங்களுக்கு விக்கி பக்கம் போட்டுத் தருகிறோம்" என்று இன்பாக்ஸில் வந்து நிற்பார்கள். 2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே வலையைச் சேர்ந்த 381 போலிக் கணக்குகளை முடக்கியது. 'ஆரஞ்சுமூடி' என்று முதலில் சிக்கிய கணக்கின் பெயராலேயே அந்த விவகாரம் அழைக்கப்படுகிறது. அவர்கள் தொழில் செய்த விதம் சுவாரசியமானது. விதிப்படி ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடித்து, அந்த ஆட்களையே தொடர்புகொண்டு, "பணம் கொடுங்கள், ஏற்றிவிடுகிறோம்" என்றார்கள். ஏற்றியபின், பக்கத்தைப் பாதுகாக்க மாதாமாதம் தனிக் கட்டணம். சின்ன வியாபாரிகள், அதிகம் தெரியாத கலைஞர்கள்தான் ஏமாந்தவர்களில் பலர். கடைசியில் 200-க்கும் மேற்பட்ட பக்கங்கள் நீக்கப்பட்டன. பணமும் போச்சு, பக்கமும் போச்சு.

காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014-லேயே விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளில் சேர்த்துவிட்டார்கள். அதை மீறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் பத்திரிகைக்காரர்கள் இதில் விரலை வெளியே மட்டும் நீட்ட முடியாது. இந்தியச் செய்தி நிறுவனங்களில் விளம்பரத்தைச் செய்திபோலப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது, ஆகவே கவனம் என்று ஆங்கில விக்கியின் ஆதார வழிகாட்டியிலேயே தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் நடிகரின் பெயரில் விவாதம் வரும்போது, செய்தித்தாள் இணைப்பைக் காட்டினாலும் "இது காசு கொடுத்து வந்ததா?" என்று கேட்கிறார்களே, அந்தச் சந்தேகத்தை நாம்தான் சம்பாதித்துக் கொடுத்தோம்.

விதி தவறும் இடம்

இவ்வளவு சொன்னதால் அந்த விதி பிசகவே பிசகாது என்று அர்த்தமில்லை. 2018 அக்டோபர் 2 அன்று இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பெற்ற மூவரில் ஒருவரான கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. மேரி கியூரி, மரியா ஜெப்பர்ட் மேயருக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அதே வருடம் மே மாதம் அவருக்காக ஒருவர் எழுதிய வரைவு, கொடுத்த ஆதாரங்கள் குறிப்பிடத்தக்கமையைக் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது.

பழி முழுக்க விக்கிப்பீடியா மேல் விழுந்தது. ஆனால் அந்த மே மாதம் வரை அவரைப் பற்றி விரிவாக எழுதிய பத்திரிகை எத்தனை? வெளி உலகம் எழுதாமல் விட்டதை விக்கிப்பீடியா கண்ணாடிபோலக் காட்டியது. ஆங்கில விக்கியில் இருக்கும் வாழ்க்கை வரலாறுகளில் ஏறத்தாழ 5-ல் ஒரு பங்குதான் பெண்களுடையது. முட்டி மோதி அண்ணி நடிகையாவது 14 படப் போட்டோ கேலரியில் வந்துவிடுகிறார். லேசர் ஆய்வகத்தில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது.

தமிழுக்கு வந்தால் இந்தப் பிசகு இன்னும் ஆழம். நம்மிடம் சினிமா விமர்சனத்துக்கு ஒரு மரபு உண்டு. டிவிக்கு இல்லை. கோடிக்கணக்கானவர்கள் தினமும் பார்க்கும் சீரியல்களைப் பற்றி, நடிப்பைப் பற்றி, எழுதுபவர்களைப் பற்றி மதிப்பிட்டு எழுதும் இடம் அநேகமாக இல்லவே இல்லை. 'அந்த நடிகையா இது' என்று தலைப்பு வைத்துக் கிளிக் வாங்கத் தெரிகிறது. அவர் அந்த வேடத்தில் என்ன செய்தார் என்று 600 சொல் எழுத ஆளில்லை. இதில் இந்தத் தளமும் விதிவிலக்கல்ல. பிறகு ஆங்கில விக்கியில் ஒருவர் வந்து "தமிழில் விரிவான ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை" என்று எழுதினால், அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

இன்னொரு பிசகு, பழைய ஆட்கள் விஷயத்தில். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல் வந்தது. இடைப்பட்ட 18 வருடம், ஊருக்கே தூர்தர்ஷன் ஒன்றுதான். அந்தக் காலத்துச் செய்தி வாசிப்பாளர்கள், வயலும் வாழ்வும் தயாரித்தவர்கள், நாடகங்களில் நடித்தவர்கள் பற்றி வார இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூகுளில் தேடினால் எதுவும் வராது. விவாதத்தில் கலந்துகொள்பவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார். இது சோம்பேறித்தனம், விதி அல்ல. ஆதாரம் இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று விக்கிப்பீடியா எங்கும் சொல்லவில்லை. இதழின் பெயர், தேதி, பக்க எண் கொடுத்தால் அச்சுப் பிரதியே போதும்.

எங்கே நிற்பது?

உயிரோடு இருக்கும், ஒரே ஒரு சீரியலிலோ ஒரே ஒரு சீசனிலோ வந்த ஒருவருக்குத் தனிப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவர் பெயரைத் தேடினால் அந்த நிகழ்ச்சியின் பக்கத்துக்குப் போகட்டும். அங்கே நடிகர் பட்டியலில் அவர் பெயரும் வேடமும் சரியாக இருக்கட்டும். நிகழ்ச்சியின் பக்கத்தைப் பல பேர் பார்ப்பார்கள், பொய் சேர்ந்தால் சீக்கிரம் தெரியும். நாளைக்கே இரண்டாவது தொடரில் முக்கிய வேடம் வந்து, நாலு பேர் நின்று நிதானமாக எழுதினால், அந்த வழிமாற்றை எடுத்துவிட்டுத் தனிப் பக்கமாக விரிக்க 5 நிமிடம் ஆகும். வழிமாற்றினால் பழைய எழுத்து அழிவதில்லை, பக்க வரலாற்றில் அப்படியே கிடக்கும். நீக்கிய பக்கத்தை மீட்கத்தான் ஒரு நிர்வாகியைத் தேடிப் போக வேண்டும். இது விவாதிக்கும் இரு தரப்பும் அடிக்கடி மறக்கும் விஷயம்.

ஆனால் இதே கறாரைத் தூர்தர்ஷன் காலத்து ஆட்களிடம் காட்டுவதற்கு முன்னால், குறைந்தது ஒரு நூலகத்துக்காவது போய்விட்டு வர வேண்டும். எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி அனுப்பப்படும் களஞ்சிய நூலகங்களில் அது ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கைவசம் ஒரு சனிக்கிழமை இருந்தால், 80-களின் வார இதழ் ஒன்றின் கட்டுப் பிரதிகளைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். உங்கள் அம்மா இன்னும் பெயர் சொல்லி நினைவுகூரும் அந்தச் செய்தி வாசிப்பாளரைப் பற்றி, ரெண்டு பக்கக் கட்டுரை ஒன்று அங்கே கிடைக்கலாம். தேதியையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.